கடலூரிலிருந்து பாண்டிக்கு ஒரு நிதானமான பகல்: முழுமையான வழிகாட்டி

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் இரண்டாம் நாளே பாண்டிக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். திருச்சியிலிருந்து வந்த பெரியம்மா, கைக்குழந்தையோடு வந்த தங்கை, முட்டிவலியோடு வந்த மாமா என்று பலரையும் கூட்டிப்போயிருக்கிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்பதில் யாருக்கும் சிக்கல் வந்ததில்லை. எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பத்து மணிக்கு வந்து இறங்கி, வெயிலில் கடற்கரையில் நின்று, பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலுக்கு ஓடி, கதவு சாத்தியதைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

பாண்டியின் பகலுக்கு இரண்டு பாதிகள் உண்டு. விடிந்ததிலிருந்து 12 மணி வரை ஒரு பாதி, 4 மணிக்கு மேல் இன்னொரு பாதி. நடுவில் ஊர் கொஞ்சம் கண்ணயரும். கோயில் நடை சாத்துவார்கள், பல கடைகளில் ஷட்டர் இறங்கும். இதற்கு ஏற்றபடி வேலைகளை வரிசைப்படுத்திவிட்டால் ஓடவே வேண்டாம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த நாளும் நல்ல நாள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, பாரதியார், பாரதிதாசன் நினைவு இல்லங்களுக்கும் அப்படியே. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்களால் கடலோரத் தெருக்கள் அடைத்துக்கொள்ளும். நடக்கவே இடம் தேட வேண்டியிருக்கும்.

ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் ஒரு லாபம் உண்டு. காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுவார்கள். துணி, பாத்திரம், செருப்பு, பழைய புத்தகம் எல்லாம் தெருவிலேயே கிடக்கும். ஆனால் அதற்குள் நுழைந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். அன்று அருங்காட்சியகத்தை விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வெளியூர்களிலிருந்து பக்தர்கள் திரளாக வருவார்கள். முன்னது அன்னையின் பிறந்தநாள், பின்னது அரவிந்தரின் பிறந்தநாள். தரிசனத்துக்காகவே போகிறவர்களுக்கு அது சரி. அமைதியாக உட்கார்ந்து வர நினைப்பவர்கள் வேறு நாள் பாருங்கள்.

பருவம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சுகம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது கடலூரையும் பாண்டியையும் சேர்த்தே நனைக்கும், ஆகவே முந்தைய இரவு வானிலைச் செய்தி பார்க்காமல் கிளம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் முதியவர்களைக் கூட்டிப்போவதை நான் நிறுத்திவிட்டேன்.

2. பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள்

எல்லோரும் செய்யும் பெரிய தவறு, ஆரோவில், சுண்ணாம்பாறு படகுத்துறை, கடற்கரை, ஆசிரமம், ஷாப்பிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைப்பது.

படத்தை மனதில் போட்டுப் பாருங்கள். ஆரோவில் பாண்டிக்கு வடக்கே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே பார்வையாளர் மையத்திலிருந்து, மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தைத் தூரத்தில் நின்று பார்க்கும் இடத்துக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. உள்ளே போய் அமர வேண்டுமென்றால் முன்பதிவு வேண்டும். சுண்ணாம்பாறு படகுத்துறை பாண்டிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் இருக்கிறது. படகில் மணல்திட்டுக் கடற்கரைக்குப் போய்த் திரும்பினால் அரை நாள் முடிந்தது. ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. இரண்டையும் சேர்த்தால் நாள் முழுக்கச் சாலையில்தான் இருப்பீர்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் கவலையே வேண்டாம். சுண்ணாம்பாறு நம் வழியிலேயே இருக்கிறது, இன்னொரு ஞாயிறு சாயங்காலம் போய்க்கொள்ளலாம். ஆரோவிலுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். இந்த வழிகாட்டி கடற்கரைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில், நடந்தே முடியக்கூடிய பாண்டிக்கு மட்டும்.

3. முந்தைய இரவே எடுத்துவைக்க வேண்டியவை

கழற்றி மாட்ட எளிதான செருப்பு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோயில், ஆசிரமம் என்று அன்று பலமுறை காலணியைக் கழற்றப்போகிறீர்கள். லேஸ் கட்டிய ஷூ போட்டு வந்தவர் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நிமிர்வதற்குள் மற்றவர்கள் உள்ளே போய்விடுவார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை.

ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை, தொப்பி. குடை மழைக்கல்ல, பதினொரு மணி வெயிலுக்கு. குழந்தைகளுக்கு ஒரு மாற்று உடை, ஏனென்றால் அலை தெறிக்கும். பிஸ்கெட்டோ வாழைப்பழமோ கொஞ்சம், விடியற்காலைப் பசிக்கு. சில்லறை நோட்டுகள், செருப்பு வைக்கும் இடத்துக்கும் டீக்கடைக்கும். முதியவர்களின் மதிய மாத்திரையை அவரவர் பையிலேயே வையுங்கள். ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டு ஒருவர் தோளில் மாட்டினால், அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் எல்லோரும் நிற்க வேண்டும்.

டிரைபாட், பெரிய கேமரா பை எதுவும் வேண்டாம். பாதி இடங்களில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் வேலையாக இருக்கும்.

4. ஐந்தேகால் பேருந்தைப் பிடியுங்கள்

நிதானமான நாள் என்றுவிட்டு ஐந்தேகாலுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம். காலையில் சம்பாதிக்கும் இரண்டு மணி நேரம்தான் மதியம் காலை நீட்டி உட்கார வைக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் நிலையத்திலிருந்து பாண்டிக்கு அடிக்கடி வண்டி உண்டு. தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். விடியற்காலையில் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதே பாதை ஒன்பது மணிக்கு வேறு முகம் காட்டும். பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், அரியாங்குப்பத்துக்கும் முருங்கப்பாக்கத்துக்கும் நடுவே நெரிசல், ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும். முக்கால் மணியில் முடியும் பயணம் ஒன்றரை மணியாவதை நானே அனுபவித்திருக்கிறேன்.

சொந்தக் காரில் வருவதை நான் சிபாரிசு செய்வதில்லை. கடலோரத் தெருக்கள் பலவும் ஒருவழிப்பாதை, கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரை எங்கோ நிறுத்திவிட்டு நாள் முழுக்க அதை நோக்கியே திரும்பி வர வேண்டியிருக்கும்.

பேருந்து முதலியார்பேட்டையைத் தாண்டும்போதே நடத்துநரிடம், "பீச்சுக்குப் போகணும், எங்க இறங்கினா கிட்ட?" என்று கேட்டுவிடுங்கள். நேராக நிலையம் வரை போனால் கடற்கரைக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆட்டோவில் ஏறும் முன் வாடகை பேசிவிடுங்கள். வெறுமனே பீச் என்று சொல்லாமல் "டூப்ளே சிலை" என்று சொல்லுங்கள். கடற்கரைச் சாலை ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம், பீச் என்றால் எந்த முனை என்று ஓட்டுநர்தான் முடிவு செய்வார். நமக்குத் தெற்கு முனை வேண்டும்.

5. கடற்கரையைத் தெற்கிலிருந்து வடக்காக நடங்கள்

கடல் கிழக்கே இருக்கிறது. பலர் மாலையில் வந்து, சூரியன் கடலில் மறையும் என்று காத்திருப்பார்கள். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், மறைவது ஊருக்குப் பின்னால். எனவே அந்தக் காட்சி வேண்டுமென்றால் காலையில்தான். ஜூன் மாதத்தில் ஐந்தே முக்காலுக்கே உதித்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். ஐந்தேகால் பேருந்து குளிர்காலத்துக்குக் கச்சிதம். கோடையில் சூரியன் கொஞ்சம் ஏறியிருக்கும், அதனால் குறை ஒன்றும் இல்லை.

டூப்ளே சிலையிலிருந்து தொடங்கி, பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் தாண்டி, பிரெஞ்சுப் போர் நினைவிடம் வரை நடக்க இருபது நிமிடம் போதும். ஆனால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு அந்தச் சாலையில் வண்டிச் சத்தமே இருக்காது. கறுப்புப் பாறைகளின் இடுக்கில் அலை உள்ளே போய், தொண்டை செருமுவதுபோல ஒரு ஒலியோடு திரும்பும். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் கைகளை வீசிக்கொண்டு கடப்பார்கள். தூரத்தில் மீன்பிடிப் படகுகள் புள்ளிகளாக நிற்கும். என் பெரியம்மா காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களில் ஒன்றின் அடியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் இங்கயே இருக்கலாம்" என்றார். அரை மணி நேரம் இருந்தோம். அவருக்கு அன்று பிடித்ததே அதுதான் என்று ஊருக்குப் போய் போன் செய்தபோது சொன்னார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் தேவனாம்பட்டினம் மணலில் ஓடி விளையாடிப் பழகிய பிள்ளைகள் பாண்டிக் கடலைப் பார்த்ததும் இறங்கத் துடிப்பார்கள். இங்கே கரை முழுக்கக் கொட்டிய பாறை. பாசி பிடித்து வழுக்கும். வடக்கே தலைமைச் செயலகத்தின் எதிரில், கடலுக்குள் அமைத்த செயற்கைத் தடுப்பால் மணல் சேர்ந்து சின்னக் கரை உருவாகியிருக்கிறது. மணலில் உட்காரலாம், ஆனால் குளிக்கத் தடை உண்டு, அலை இழுக்கும். பாறைமேல் நின்று செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளைத் தயவுசெய்து கீழே இறக்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

6. டிபனுக்கு முன் ஒயிட் டவுன் தெருக்கள்

ஒயிட் டவுன் என்பது கடலோரத்துப் பழைய பிரெஞ்சுப் பகுதி. பெரும்பாலானோர் இந்தத் தெருக்களைப் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்வார்கள். அப்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும், சுவரோரம் முழுக்க ஸ்கூட்டரும் காரும் நிற்கும். ஏழரை மணிக்கு நிலைமை வேறு. துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி, சுய்ப்ரேன் வீதி எல்லாம் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலையில் கிழக்குப் பக்க வீடுகளின் நிழல் தெருவில் விழும், எதிர்ப்பக்க மஞ்சள் சுவர் மட்டும் வெயிலில் பளிச்சென்று இருக்கும். நிழலில் நடந்துகொண்டே வெயிலில் நிற்கும் சுவரைப் படமெடுக்கலாம்.

வழி தவறும் என்ற பயமே வேண்டாம். தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல. குறுக்குத் தெரு எதில் கிழக்கே திரும்பினாலும் கடல் வரும். மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால் வரும். வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. கடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எவ்வளவு சுற்றினாலும் பத்து நிமிட நடைக்குள்தான் இருப்பீர்கள்.

தெருப்பெயரில் ஒரு குழப்பம் வரும். நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருப்பதும், போனில் வரைபடம் உச்சரிப்பதும், ஆட்டோக்காரர் சொல்வதும் மூன்று விதமாக இருக்கும். துய்மா வீதியைத்தான் சிலர் டூமாஸ் தெரு என்பார்கள். பெயரைவிட அடையாளத்தைச் சொல்லிக் கேட்பதே சுலபம். துய்மா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் இளஞ்சிவப்பு மாதா கோயிலை உள்ளூர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள். பலகையில் இருக்கும் நீளமான பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, "கப்ஸ் கோயில்" என்றால் சின்னப் பையனும் கை காட்டுவான்.

அந்த அழகான வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வாசற்படியில் ஏறி உட்கார்ந்து படமெடுப்பதும், திறந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப்பார்ப்பதும் வேண்டாம். ஒருமுறை எங்கள் கூட்டத்துப் பையன்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து போஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்து ஒரு பாட்டி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். திட்டவில்லை, அவர்கள் எழுவதற்காக அமைதியாகக் காத்து நின்றார். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. அதிலிருந்து கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

7. டிபன், அதோடு கழிப்பறை

எட்டரை வாக்கில் வாய்க்காலைத் தாண்டி நேரு வீதிப் பக்கம் வாருங்கள். இட்லி, பொங்கல், பூரி என்று வழக்கமான டிபனுக்கு நேரு வீதி, மிஷன் வீதி இரண்டிலும் சைவ உணவகங்கள் உண்டு. ஒயிட் டவுனுக்குள் இருக்கும் அலங்காரமான காபிக் கடைகள் பலவும் இவ்வளவு சீக்கிரம் திறப்பதில்லை, விலையும் கூட. பிரெஞ்சு ரொட்டி சாப்பிட்டே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் மாலை நாலு மணிக்கு பேக்கரிக்குக் கூட்டிப்போங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடுவதே பின்னால் உதவும்.

எழுந்திருக்கும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். பெண்களும் முதியவர்களும் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருந்து, மதியம் தலைவலியில் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காலை டிபன், அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு, மாலை டிபன் என்று நாளில் நான்கு இடம் குறித்து வைத்துக்கொண்டால் தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை.

8. மணக்குள விநாயகர், அடுத்து ஆசிரமம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோயில் காலை 5.45 முதல் 12.30 வரை, மாலை 4 முதல் 9.30 வரை. ஆசிரமம் காலை 8 முதல் 12 வரை, மதியம் 2 முதல் 6 வரை. இரண்டும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கோயிலில் பேச்சும் மணியோசையும் கூட்டமும் இருக்கும். அதை முடித்துவிட்டு ஆசிரமத்துக்குள் போனால் மனம் அடங்குவது சுலபம். மாற்றிச் செய்தவர்கள், ஆசிரமத்து அமைதியில் உட்கார்ந்திருக்கும்போதே "கோயில் சாத்திடுவாங்களே" என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

கோயிலில் ஒன்பதரைக்கு நின்றால் சாதாரண நாளில் கூட்டம் தாங்கும். வெள்ளிக்கிழமையும் சங்கடஹர சதுர்த்தியும் விதிவிலக்கு. சுற்றுச் சுவர்களில் விநாயகரின் பல வடிவங்களை ஓவியமாக வைத்திருக்கிறார்கள், வெளியே வரும் அவசரத்தில் அதைத் தவறவிடாதீர்கள். லட்சுமி யானையைப் பார்க்க வேண்டும் என்று இன்னமும் குழந்தைகளிடம் சொல்லிக் கூட்டி வருகிறார்கள். லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. அன்று ஊரே அழுதது. குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆசிரமத்தில் மூன்று விதிகள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அனுமதி பெறாமல் படம் எடுக்கக் கூடாது. பேசக் கூடாது. முதல் விதி தெரியாமல் வந்து வாசலில் நிற்கும் குடும்பங்கள்தான் அதிகம். என் தங்கை இரண்டு வயதுப் பிள்ளையோடு வந்தபோது முதலில் நாங்கள் உள்ளே போனோம், அவள் கணவர் பிள்ளையோடு எதிர் நடைபாதையில் நிழலில் நின்றார். பிறகு ஆள் மாற்றிக்கொண்டோம். இப்படி இரண்டு குழுவாகப் பிரிந்தால் யாரும் ஏமாற வேண்டியதில்லை.

உள்ளே முற்றத்து மரத்தடியில் அரவிந்தரும் அன்னையும் அடக்கமான சமாதி, மேலே மலர்கள். சுற்றி ஒரு முறை வந்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார்கள் பலர். பத்து நிமிடம் ஓரமாக உட்காருங்கள். முதல் மூன்று நிமிடம் குழந்தைகள் நெளிவார்கள், பிறகு அவர்களும் அடங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

9. ஒரே ஒரு அருங்காட்சியகம்

பதினொரு மணிக்கு வெளியில் நடக்கும் நேரம் முடிந்துவிட்டது, கூரைக்குக் கீழே போங்கள். இங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் வேண்டாம்.

பாரதி பூங்காவை ஒட்டிய புதுச்சேரி அருங்காட்சியகம் ஒன்று. அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், பானை ஓடுகள், வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக்காலத்து மரச்சாமான்கள் இருக்கின்றன. காலையில் அரியாங்குப்பத்தைப் பேருந்தில் கடந்து வந்தீர்களே, அரிக்கமேடு அங்கேதான். "நாம வந்த வழியில தோண்டி எடுத்தது" என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்ப்பார்கள்.

இன்னொன்று, தமிழில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் அவர் பாண்டியில் இருந்தார். வாய்க்காலுக்கு மேற்கே இருப்பதால் டிபனுக்குப் பிறகு கோயிலுக்குப் போகும் முன்பே இதை முடிக்க ஆசை வரும். திறந்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இருக்கிறது, இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. 12 முதல் 4 வரை ஒன்றும் செய்யாதீர்கள்

இந்தப் பகுதியைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். நாலு மணி நேரம் வீணா என்பார்கள்.

என் மாமா ஒருமுறை இதை ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பிட்டதும் கடைவீதிக்குப் போவோம் என்றார். ஒன்றேகால் மணி. அவர் கேட்ட பித்தளை விளக்குக் கடையை அடைந்தபோது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே இருந்த எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்து, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினார். "நாலு மணிக்கு வாங்க சார்" என்றார் தன்மையாக. வரிசையாகப் பார்த்தால் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் அப்படித்தான். மாமா ரங்கப்பிள்ளை வீதி முனையில் கொதிக்கும் தார்ச்சாலையில் நின்று, "அப்ப இப்ப எங்க போறது?" என்று கேட்டார். அன்று மாலைக் கடற்கரைக்கு அவரால் நடக்க முடியவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பன்னிரண்டே காலுக்கே சாப்பாட்டுக்கு உட்காருங்கள், ஒரு மணிக்கு மேல் மேஜைக்குக் காத்திருக்க நேரும். குளிர்சாதன அறை உள்ள உணவகமாகப் பார்த்து நிதானமாகச் சாப்பிடுங்கள். ஒன்றரை மணிக்கு பாரதி பூங்கா. மரங்கள் அடர்ந்திருப்பதால் வெளித்தெருவுக்கும் உள்ளுக்கும் நன்றாக வித்தியாசம் தெரியும், கடற்காற்றும் அந்நேரத்துக்கு வீசத் தொடங்கிவிடும். நடுவில் ஆயி மண்டபம் இருக்கிறது. அதைச் சுற்றிய நிழலில் பெஞ்சு பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய போர்வை கொண்டுவந்தால் புல்லோரம் விரித்து உட்காரலாம். மாமா பிறகு வந்த பயணத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தூங்கினார். அன்று இரவு எட்டு மணி வரை எங்களோடு சளைக்காமல் நடந்தார்.

கைக்குழந்தையோ, உடம்புக்கு முடியாதவர்களோ உடன் வந்தால், பகல் வாடகைக்கு ஒரு சாதாரண லாட்ஜ் அறை எடுப்பது கொடுக்கும் காசுக்குத் தகும். வார நாட்களில் பேசிக் குறைக்கலாம்.

11. நாலு மணிக்கு மேல்: பசிலிக்கா, கடைவீதி

முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா. பூங்காவிலிருந்து முதியவர்களுக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குப் பதினைந்து இருபது நிமிட நடை. மாலையில் போகச் சொல்வதற்குக் காரணம், அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். மேற்கு வெயில் சாய்வாக விழும்போது உள்ளே தரையில் நிறம் தெளிக்கும். திருப்பலி நடந்துகொண்டிருந்தால் பின்வரிசையில் அமைதியாக இருந்துவிட்டு வாருங்கள், முன்னால் போய்ப் படமெடுக்க வேண்டாம்.

அப்புறம் கடைவீதி. எல்லாவற்றையும் வாங்க முயலாதீர்கள். பாண்டிக்கே உரியவை என்று நான் வாங்கித் தருவது மூன்று: ஆசிரமத்துக் கைவினைக் காகிதம், ஊதுவத்தி, வில்லியனூர் சுடுமண் பொம்மை. வில்லியனூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுடுமண் வாங்கினால் பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மேலே சாமான் பலகையில் வைத்தால் ஊர் போய்ச் சேரும்போது துண்டுகள்தான் மிஞ்சும். ஷாப்பிங்கைக் கடைசிக்கு வைப்பதும் இதனால்தான். காலையில் வாங்கியவர் நாள் முழுக்கப் பைகளைச் சுமப்பார்.

12. மறுபடியும் கடற்கரை

ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். ஐந்தரைக்குப் போனால் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். காலையில் பார்த்த அதே இடமா என்று தோன்றும். சுண்டல், மாங்காய், பலூன், ஐஸ்கிரீம், குழந்தைகளின் கூச்சல். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். காந்தி சிலை வேண்டாம், எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். போர் நினைவிடத்தின் எதிரில் என்று வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். இரண்டாவது முறை நடக்க வேண்டியதில்லை, ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள்.

13. திரும்பும் வழி

ஏழேகால், ஏழரைக்குக் கிளம்புங்கள். கடற்கரைச் சாலைக்குள் ஆட்டோ வராது என்பதால், மேற்கே ஒரு தெரு உள்ளே நடந்து வந்து பிடிக்க வேண்டும். இதை மறந்து சாலையிலேயே நின்று கை காட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஞாயிறு என்றால் அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள், கடலூர் வண்டியில் உட்கார இடம் கிடைக்காது. நிலையத்திலேயே ஏறுங்கள், வழியில் ஏறினால் நின்றுகொண்டுதான் வரவேண்டும்.

கூட வருபவர் யாராவது மலிவாகக் கிடைக்கிறதென்று மதுபாட்டில் வாங்கிப் பையில் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் சோதனை உண்டு. அவர் ஒருவருக்காகக் குழந்தைகளோடு எல்லோரும் இறங்கி நிற்க நேரும்.

தவளக்குப்பம் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பெண்ணையாற்றுப் பாலத்தில் எழுப்பிவிட்டால், நிலையம் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவார்கள்.